ஏரிக்கரையில் ஆர்.வி. பயணமா? தண்ணீர்க் கணக்கை முதலில் போடுங்கள்

நண்பர்களோடு ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிவறையோடு கூடிய, வீடு போன்ற வண்டி) எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இருக்கும் ஏரிக்கரையில் தங்கப் போகிறீர்களா? கண்ணெதிரே ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் வண்டிக்குள் இருப்பது ஒரு தொட்டி அளவுதான். அதைவிடப் பெரிய சிக்கல், குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் கழிவுத் தொட்டி. நாலைந்து பேர் இருந்தால் அது சட்டென்று நிரம்பி, அழுக்குத் தண்ணீர் ஷவர் தரை வழியே எதிர்த்து வரும்.

அதனால் உடம்பு நனைந்ததும் குழாயை மூடி, சோப்புப் போட்டு முடித்து, அலச மட்டும் திறக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். ஏரிக்குள் இறங்கிச் சோப்புப் போடுவது வேண்டவே வேண்டாம். மக்கும் சோப்பு என்றாலும் அது மக்குவதற்கு மண் வேண்டும். கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள்.

கழிவறைத் தொட்டியின் வால்வு, வெளியே உள்ள கழிவுநீர்க் குழாயில் இணைத்திருந்தாலும் மூடியே இருக்கட்டும். திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடிவிடும், கெட்டியானது அடியில் குவிந்து இறுகிவிடும். அப்புறம் அதைக் கரைப்பது பெரும்பாடு. யார் காலி செய்வது என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். மனஸ்தாபம் பெரும்பாலும் இங்கேதான் வரும்!

கரையோரத்தில் நிறுத்தும்போது ஒருவர் முதலில் இறங்கி நடந்து பார்க்கட்டும். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. தொட்டி நிறைந்த வண்டி ஈர மண்ணில் சுலபமாகப் புதையும். காஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் வண்டி சமமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் சரியாகக் குளிராது.