எஃப்-150ல 35 இன்ச் டயர் போடணுமா? கிராஷ் பாரை வெட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

2015லேருந்து 2020 வரைக்கும் வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்ல முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்குற லெவலிங் கிட் போட்டு 35 இன்ச் டயர் மாட்டுனீங்கன்னா, ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிக்கிறப்போ முன் வீலுக்குப் பின்னாடி எங்கயோ கர்ர்ர்னு உரசும். நிறைய பேர் உடனே கிரைண்டரை எடுத்து கிராஷ் பாரை அடியோட அறுத்துப் போட்டுடுறாங்க. அது வேணாம்ங்க.

கிராஷ் பார்ங்கிறது முன் வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஃபிரேம்லேருந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற இரும்பு. அமெரிக்காவுல இன்சூரன்ஸ் கம்பெனிங்க காசுல நடக்குற ஐஐஎச்எஸ், 2012லேருந்து ஸ்மால் ஓவர்லாப்னு ஒரு டெஸ்ட் பண்றாங்க, வண்டி முகத்துல 25% மட்டும் அசையாத தடுப்புல 40 மைல் வேகத்துல மோதும். அடி மெயின் ஃபிரேமுக்கு வெளிய விழுறதால வீல் அப்படியே பின்னாடி போய் டிரைவர் கால் வெக்கிற இடத்துக்குள்ள புகுந்துடும், அதைத் தடுக்கத்தான் இந்த பார். 2015ல ஃபோர்டு சூப்பர்க்ரூவுக்கு (பின்னாடியும் முழு கதவு இருக்குற பெரிய கேபின்) இதை வெச்சாங்க, இருக்குறதுலயே நல்ல மார்க்கான 'குட்' வாங்குச்சு. அந்த வருஷம் பார் இல்லாம வந்த சூப்பர்கேப் (அதைவிட சின்ன கேபின்) அதே டெஸ்ட்ல 'மார்ஜினல்'தான், கடைசிக்கு முந்தின மார்க். இவ்ளோ வித்தியாசம் பண்ற சாமானை நாம டயருக்காக தூக்கிப் போடணுமா, நீங்களே யோசிங்க.

முதல்ல அளந்து பாருங்க

கம்பெனியில வர்ற 275/65 ஆர்18 ஸ்டாக் டயர் உயரம் 32.1 இன்ச். 35 போட்டா சுத்திலும் கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச் வெளிய வரும். எந்த வீலோட ஓட்டப் போறீங்களோ அந்த வீல்லயே மாட்டிப் பாருங்க, ஏன்னா ஸ்டாக் ஆஃப்செட் (வீல் எவ்ளோ உள்ள தள்ளி உக்காருதுங்கிற அளவு) +44 மி.மீ., அது மாறுனா உரசுற இடமும் மாறிடும். பார் மேல சாக்பீஸ் நல்லா தேய்ச்சுட்டு, காலி கிரவுண்ட்ல மெதுவா ரெண்டு பக்கமும் ஃபுல்லா ஒடிச்சு முன்னாடியும் போங்க, ரிவர்ஸும் எடுங்க, அப்புறம் ஒரு முன் வீலை மட்டும் ரேம்ப்ல ஏத்தி அதே மாதிரி. இறங்கி டார்ச் அடிச்சுப் பாத்தா சாக்பீஸ் அழிஞ்ச இடத்துல கருப்பா ரப்பர் ஈஷியிருக்கும். அங்க ஒண்ணும் இல்லாம வீலுக்கு மேல மூடியிருக்குற பிளாஸ்டிக் லைனர் மட்டும் பளபளன்னு தேஞ்சிருந்தா லைனரை வெட்டுனா போதும், வேலை முடிஞ்சுது.

வெட்டாம சமாளிக்க முடியுமா

அலைன்மென்ட் கடையில கம்பெனி சொன்ன ஸ்பெக்குக்குள்ளயே கேஸ்டரை (ஸ்டியரிங் அச்சு முன்பின்னா சாஞ்சிருக்குற கோணம்) ஏத்தி வெக்கச் சொல்லுங்க, சஸ்பென்ஷனோட கீழ் ஆர்ம் முன்னாடி நகரும், வீலும் பின் பாரை விட்டு கொஞ்சம் தள்ளிப் போகும். இல்லன்னா 275/70 ஆர்18 போடுங்க, 33.2 இன்ச், பாக்கவும் நல்லாத்தான் இருக்கும். என்னைக் கேட்டா முக்கால்வாசி பேருக்கு இதுவே போதும்.

அப்பவும் உரசுதுன்னா

பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டிடுங்க. ஜாக் ஸ்டாண்ட் மேல உக்கார வெச்சுட்டுதான் வீலைக் கழட்டணும், வெறும் ஜாக்கை நம்பி கீழ போகாதீங்க. லைனரை முழுசா எடுத்துடுங்க, பொறி பட்டா பத்திக்கும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எல்லாத்தையும் ஒதுக்கிக் கட்டி மேல வெல்டிங் போர்வை போடுங்க, ஃபிரேமோட உள்பக்கம் பெட்ரோல் லைன், பிரேக் லைன் எங்க ஓடுதுன்னு பாத்துக்கோங்க. பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்குஷர் கண்டிப்பா வேணும், கண்ணாடி மாஸ்க்லாம் சொல்லவே வேணாம்.

ரப்பர் ஈஷின இடத்துக்கு மேல அரை இன்ச் இடம் விட்டு மார்க்கர்ல கோடு போட்டு, அந்த மூலையை மட்டும் கட்டிங் டிஸ்க்ல எடுங்க. ஃபிரேமோட சேர்ற இடத்தைத் தொடவே கூடாது. ஒரு இன்ச்சுக்கு மேல எடுத்தாதான் ஆகும்னா டயரை மாத்துங்க, பாரை விட்டுடுங்க. வெட்டுன வாயைத் திறந்து விட்டா பலமும் போச்சு, தண்ணி புகுந்து துருவும் பிடிக்கும், அதனால அதே கனத்துல ஒரு தகடு வெச்சு மூடி வெல்டு பண்ணணும், அதை நல்லா தெரிஞ்ச வெல்டர்கிட்ட விட்டுடுங்க. அப்புறம் ஜிங்க் பிரைமர், அது மேல கருப்பு பெயின்ட்.

ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, ஐஐஎச்எஸ்ல மோதிப் பாத்தது கம்பெனி பாரைத்தான், நீங்க வெட்டுனதை யாரும் மோதிப் பாக்கல. கடைக்காரர் வெட்ட மாட்டேன்னு சொன்னா அவரைத் திட்டாதீங்க, பாதுகாப்பு சாமானை தெரிஞ்சே செயலிழக்க வெக்கிறது ரிப்பேர் கடைங்களுக்கு அங்க ஃபெடரல் சட்டப்படி தப்பு. சொந்த வண்டியில ஓனரே பண்ணா அந்தச் சட்டம் வராது, ஆனா ஸ்டேட் ரூல், இன்சூரன்ஸ் ரெண்டையும் விசாரிச்சுக்கோங்க.

மாட்டுன அப்புறம்

லக் நட்டுக்கு 150 பவுண்ட்-அடி டார்க், 100 மைல் ஓட்டுறதுக்குள்ள திரும்ப ஒரு தடவை டார்க் வெச்சு செக் பண்ணுங்க. சாக்பீஸ் டெஸ்ட்டையும் இன்னொரு வாட்டி பண்ணிடுங்க. டயர் பெருசானதால மீட்டர் 60 காட்டுறப்போ வண்டி நெசமா 65ல போய்க்கிட்டு இருக்கும், போலீஸ்காரர்கிட்ட இந்தக் கதை எடுபடாது, அதனால ஃபோர்ஸ்கேன்ங்கிற ஃபோர்டு வண்டி சாஃப்ட்வேர்ல டயர் சுற்றளவை மாத்திடுங்க. முன்பக்கம் தூக்குனதுல ஹெட்லைட்டும் மேல பாக்கும், அதையும் இறக்கி வைங்க, எதிர்ல வர்றவன் பாவம்.