இருட்டியதும் தடம் மாறும் ஆட்டோபைலட்: என் அனுபவம்

பாய்மரப் படகில் தனியாகப் பெருங்கடலில் போகும்போது, படகைத் தானாகத் திசை மாறாமல் ஓட்டும் ஆட்டோபைலட்டை நம்பித்தான் கொஞ்சமாவது கண்ணயர முடியும். என்னுடையது பகலில் ஒழுங்காக ஓட்டும். இருட்டியதும் ஏழெட்டு டிகிரி விலகும். திரையில் திசை எண் மாறவே மாறாது, ஜிபிஎஸ் தடம் மட்டும் வளைந்திருக்கும்.

நீரோட்டமோ என்று பார்த்தேன், இல்லை. அப்புறம் சுக்கான் சென்சாரைக் கழற்றிச் சோதித்தேன், பாயைக் குறைத்தேன். பல நாட்கள் இப்படியே போயின.

தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. விலகல் மெல்ல வரவில்லை. ஒரே புள்ளியில் சட்டென்று வந்தது. பாய்மர உச்சி விளக்கைப் போடும் நேரம் அது! கையடக்கத் திசைகாட்டியை ஃப்ளக்ஸ்கேட் சென்சார் (பூமியின் காந்தப்புலத்தை வைத்து ஆட்டோபைலட்டுக்குத் திசை சொல்லும் கருவி) அருகில் வைத்து ஸ்விட்சைத் தட்டினேன். முள் நகர்ந்தது.

பழைய 25 வாட் பல்பு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும். அதன் பாசிட்டிவ் வயர் சென்சாரை ஒட்டியும், நெகட்டிவ் வயர் படகின் மறுபக்கமாகவும் போயிருந்தன. சென்சார் காட்டும் திசையைத் திருப்ப அந்த ஒற்றை வயரின் காந்தப்புலமே போதும்.

இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, சென்சாரிலிருந்து தள்ளிக் கட்டினேன். மின்னோட்டம் எதிரெதிராக ஓடுவதால் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். இப்போது விளக்கு எரிந்தாலும் முள் அசைவதில்லை. பெரிய நிம்மதி. எல்ஈடி பல்பு மாற்றினாலும் விலகல் குறையும், ஆனாலும் வயரை முறுக்கிவிடுவதே நல்லது.