கெட்னு வந்தா அதுக்கு அடுத்த வார்த்தையப் பாருங்க

டிக்‌ஷனரில கெட் (get)ங்கிற இங்கிலீஷ் வார்த்தையத் தேடுனா பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்கும், அத்தனையும் மனப்பாடம் பண்ண உக்காந்தீங்கன்னா ரெண்டே நாள்ல வெறுத்துரும், நானும் நோட்டு போட்டு எழுதி பாதியில விட்டவன்தான். அப்புறம்தான் பிடிபட்டுச்சு, சூட்சுமம் கெட்டுல இல்ல, அதுக்குப் பின்னாடி வர்ற வார்த்தைல இருக்கு.

பின்னாடி ஒரு பொருள் வந்தா வாங்குறது இல்ல கிடைக்கிறது. "ஐ காட் எ லெட்டர்", எனக்கு லெட்டர் வந்துச்சு, அவ்ளோதான் (காட்ங்கிறது கெட்டோட இறந்தகாலம்). இடம் வந்தா போய்ச் சேர்றது, "கெட் டு தி ஸ்டேஷன்". ஆனா "கெட் ஹோம்", "கெட் ஹியர்", "கெட் தேர்" மாதிரி வர்றப்போ நடுவுல டு வராது.

நாம கோட்டை விடுறது டயர்ட், ஆங்ரி மாதிரி வார்த்தை வர்றப்போதான். "ஹி இஸ் ஆங்ரி"ன்னா கோவமா இருக்கான், "ஹி காட் ஆங்ரி"ன்னா கோவம் வந்துருச்சு. முன்னாடி இல்லாதது இப்ப வந்திருக்கு பாருங்க, அந்த மாற்றத்த சொல்லத்தான் கெட். "இட்ஸ் கெட்டிங் டார்க்"க இருட்டிட்டு வருதுன்னுதானே சொல்லுவோம்?

இன்னொன்னு எனக்கு ரொம்பப் பிடிச்சது. "ஐ கட் மை ஹேர்"னா நானே கத்திரி எடுத்து வெட்டிக்கிட்டேன்னு அர்த்தம், "ஐ காட் மை ஹேர் கட்"னாதான் இன்னொருத்தர் வெட்டி விட்டாங்கன்னு வரும், நாம பாதிப்பேரு மொதல் மாதிரிதான் சொல்லிட்டுத் திரியுறோம். ஆளையே சொல்லணும்னா "ஐ காட் ஹிம் டு சைன்", அவன கையெழுத்து போட வெச்சேன். இங்க டு கண்டிப்பா வேணும், அதே மேக் போட்டீங்கன்னா "ஐ மேட் ஹிம் சைன்", டு கிடையாது, தொனியும் மாறிரும், மேக்ல ஒரு கட்டாயம் இருக்கு, கெட்ல பேசி சரிக்கட்டுன மாதிரி இருக்கும்.

பஸ்ல இருந்து இறங்குறதுக்கு கெட் டவுன் நாம சொல்றது, பிரிட்டிஷ்காரங்களும் அமெரிக்கர்களும் கெட் ஆஃப்னுதான் சொல்லுவாங்க, காருன்னா கெட் அவுட். கெட்டோட மூணாவது ஃபார்ம் பிரிட்டிஷ்ல காட், அமெரிக்காவுல பெரும்பாலும் காட்டன், ஏதாவது ஒண்ணப் பிடிச்சுக்கோங்க.

படிக்கிறப்போ கெட் வந்தா ஒரு கோடு போட்டுட்டு, வாங்கு, கிடை, சேரு, ஆகு, வை, இதுல எது பொருந்துதுன்னு வெச்சுப் பாருங்க. எதுவுமே ஒட்டலன்னா "ஐ டோன்ட் கெட் இட்"ல வர்ற கெட்டா இருக்கலாம், அது புரியுறது.