கையடக்கக் கணினி வாங்க ஆசை, கையில் பணம் குறைவு: எங்கே தவறு நடக்கிறது?

பைக்குள் போட்டுக்கொள்ளும் அளவு, ஆனால் லினக்ஸ் இயங்குதளம் முழுசாக ஓட வேண்டும், விரலால் அழுத்த நிஜ விசைகளும் இருக்க வேண்டும். இப்படி ஒரு கணினி மீது ஆசை வந்துவிட்டால் லேசில் போகாது. ஓப்பன் பண்டோரா, பைரா, பாக்கெட் சிப், ஜிபிடி பாக்கெட், ஜெமினி, யூகன்சோல் என்று பெயர்கள்தான் மாறி மாறி வருகின்றன. எனக்கும் இந்தக் கருவிகள் மேல் பெரிய பிரியம் உண்டு. வாங்கிவிட்டு வருத்தப்படுகிறவர்களைப் பார்த்தால், கருவி மோசம் என்று வருந்துகிறவர்கள் குறைவு. விலையைத் தப்பாகக் கணக்குப் போட்டவர்களும், எப்போது வரும் என்று தெரியாத பொருளுக்குப் பணம் கட்டியவர்களும், வீட்டில் இருக்கும் ஒரே கணினியாக இதை நம்பியவர்களும்தான் அதிகம்.

சம்பளத்தில் மாதாமாதம் மிச்சம் பிடித்து வாங்க நினைக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அவர்கள் ஒரு முறை தவறிவிட்டால் அடுத்ததை வாங்க இரண்டு வருடம் ஆகும்.

முன்பதிவு என்பது வாங்குவது அல்ல

ஓப்பன் பண்டோராவுக்கு முன்பதிவு தொடங்கியது 2008 செப்டம்பரில். விலை 330 டாலர். சில மாதங்களில் வந்துவிடும் என்று நம்பித்தான் பணம் கட்டினார்கள். முதல் கருவிகள் அனுப்பப்பட்டது 2010 மே மாதம், அதுவும் சிறுகச் சிறுக. வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. சின்னக் குழு ஒன்று தன் கனவைப் பொருளாக்கப் பாடுபட்டது. ஆனால் சின்னக் குழுவுக்குத் தொழிற்சாலையோடு பேரம் பேசும் பலம் கிடையாது. பிளாஸ்டிக் உறை வார்ப்பில் ஒரு தாமதம், சர்க்யூட் போர்டில் ஒரு கோளாறு என்றாலே மொத்த வரிசையும் நின்றுவிடும்.

அதன் வாரிசான பைராவுக்கு 2016-ல் முன்பதிவு வாங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பத் தொடங்கியது 2020 கடைசியில். அதற்குள் உள்ளே இருக்கும் சிப்புக்கு வயதாகிவிட்டது. பைராவில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஓமாப் 5, இரண்டு கோர், 32 பிட். செல்போன் சிப் தொழிலிலிருந்து ஒதுங்கப்போவதாக அந்த நிறுவனம் 2012-லேயே சொல்லிவிட்டது. கட்டிய பணம் முடங்கிக் கிடந்ததோடு, கைக்கு வராத பொருளும் பழசாகிக்கொண்டே போனது.

அதனால் பட்ஜெட் இறுக்கமாக இருப்பவருக்கு நான் கறாராகவே சொல்வேன்: ஸ்டாக் இருக்கிறது, இத்தனை நாளில் அனுப்புவோம் என்று போட்டிருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். பலரிடம் முன்பணம் திரட்டிப் பொருள் செய்யும் கிரவுட்ஃபண்டிங்கில் நீங்கள் கொடுப்பது பொருளுக்கான விலை இல்லை, ஒரு முயற்சிக்கான ஆதரவு. ‘கார்டில் கட்டினால் வங்கியிடம் புகார் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்’ என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். அந்தப் புகாருக்குக் கெடு உண்டு. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று நிறுவனம் தள்ளிக்கொண்டே போனால், நல்ல எண்ணத்தில் பொறுத்திருக்கும் ஆளுக்குத்தான் அந்தக் கெடு முதலில் கைநழுவும்.

பாக்கெட் சிப்பின் கதை வேறு மாதிரி. சொன்ன பொருள் வந்தது, விலையும் குறைவுதான்: தொடக்கத்தில் 50 டாலருக்குள். ஒரு கிகாஹெர்ட்ஸ் சிப், 512 எம்பி ரேம், தொடுதிரை, விசைகள். அந்த விலைக்கு அது அதிசயம்தான். ஆனால் தயாரித்த நெக்ஸ்ட் திங் நிறுவனம் 2018-ல் மூடிவிட்டது. அந்தக் கருவியில் இயங்குதளத்தை மறுபடி ஏற்ற நிறுவனத்தின் இணையதளத்தை நம்பியே எல்லோரும் இருந்தார்கள். தளம் போன பிறகு, ஆர்வலர்கள் நகல் எடுத்து வைத்திருந்த கோப்புகள்தான் காப்பாற்றின. எந்தக் கருவியை வாங்குவதாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒன்று பாருங்கள்: அதன் இயங்குதளக் கோப்பை இன்றைக்கே, கருவி கையில் இல்லாமலே இறக்கி வைக்க முடிகிறதா? முடியாது என்றால் நிறுவனத்தின் ஆயுள்தான் உங்கள் கருவியின் ஆயுளும்.

பட்டியல் விலையை நம்புவது

யூகன்சோல் 139 டாலரிலிருந்து கிடைக்கும் என்று 2022-ல் அறிவித்தார்கள். அந்த 139 டாலர் மாடலில் இருப்பது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பு வகைச் சிப். அந்தக் கட்டமைப்பைக் கற்க நினைப்பவருக்கு நல்லது. பிரவுசரைத் திறந்து நாலு பக்கம் பார்க்க நினைப்பவருக்கு ஒத்துவராது. ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 என்ற சிறு கணினிப் பலகை பொருத்திய மாடல் அதைவிட விலை கூடியது. 4ஜி வேண்டும் என்றால் அதற்குத் தனிக் காசு. பேட்டரி உள்ளே வராது, 18650 என்ற அளவுள்ள உருளை வடிவ லித்தியம் செல்கள் இரண்டை நாமே தேடி வாங்கிப் போட வேண்டும்.

அந்தச் செல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று உறையில் அச்சடித்து மலிவாக விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள். பேர் போன நிறுவனங்களின் 18650 செல்லே 3500 எம்ஏஎச் பக்கம்தான் இருக்கும். கையில் கிடைத்தால் எடை போட்டுப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும். அதில் முக்கால் பங்குகூட இல்லை என்றால் உள்ளே சரக்கு இல்லை. இது காசு விஷயம் மட்டும் இல்லை. மட்டமான லித்தியம் செல் சூடாகித் தீப்பிடிக்கும், நாம் அதை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு திரிவோம்.

அப்புறம் சுங்கம். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைத்தால் வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. பொருள் 200 டாலர், கொரியர் 30 டாலர் என்றால் கணக்கு 230-ல்தான் தொடங்கும். அதன் மேல் சுங்க வரி, அதையும் சேர்த்து வரும் தொகைக்கு ஐஜிஎஸ்டி என்ற ஜிஎஸ்டி வரி. கொரியர் நிறுவனம் தன் பங்குக்குக் கையாளும் கட்டணம் கேட்கும். டாலரில் கட்டுவதால் பெரும்பாலான கார்டுகள் நாணய மாற்றுக் கட்டணம் பிடிக்கும். வரி விகிதம் அவ்வப்போது மாறும், அதனால் போன வருடம் வாங்கிய நண்பர் சொன்ன கணக்கை எடுத்துக்கொள்ளாமல் ஆர்டர் போடும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ரூபாயில் கூட்டி எழுதிய பிறகும் வாங்கத் தோன்றினால்தான் அது உண்மையான விருப்பம்.

‘கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி வராது’ என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அன்பளிப்புப் பொருள்களுக்கு இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு. 2023 ஆகஸ்டில் லாப்டாப், டேப்லெட், மிகச் சிறிய கணினிகளின் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, தபாலிலோ கொரியரிலோ வரும் ஒரே ஒரு கருவிக்கு மட்டும் உரிமம் தேவையில்லை, வரி கட்டினால் போதும் என்றது. கொரியர் செலவை மிச்சம் பிடிக்க நண்பனுக்கும் சேர்த்து இரண்டாக வரவழைப்பது வம்பு.

பழுதானால் என்ன செய்வது என்பதையும் விலையோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். ஒரு வருட வாரண்டி என்று போட்டிருக்கும். ஆனால் லித்தியம் பேட்டரி உள்ள பொருளை இங்கிருந்து திருப்பி அனுப்புவது சிரமம், செலவும் கூட. திரும்பி வரும்போது சுங்கத்தில் மறுபடி விளக்கம் சொல்ல வேண்டும். என் கணக்கில், கடல் தாண்டி வரும் மலிவுக் கருவிக்கு வாரண்டியே கிடையாது என்று வைத்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

விசைகளைப் படத்தில் பார்த்து மயங்குவது

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் ச இருப்பது இடது சதுர அடைப்புக்குறி விசையில். ஞ அதற்கடுத்த அடைப்புக்குறியில். ந அரைப்புள்ளி விசையில், ய மேற்கோள் விசையில், ழ சாய்கோட்டு விசையில். சாதாரண கீபோர்டில் இவையெல்லாம் வலது கை ஓரத்தில் வசதியாக இருக்கும். கருவி சிறுக்கும்போது இடம் போதாமல் முதலில் அடிபடுவதும் இந்த ஓரத்து விசைகள்தான். ஒன்று வேறு மூலைக்குப் போய்விடும், இல்லையென்றால் எஃப்என் (Fn) என்ற துணை விசையோடு சேர்த்து அழுத்த வேண்டிவரும். ‘நாளை சாயங்காலம் மழை’ என்று எழுத ந, ச, ய, ழ நான்குக்கும் எஃப்என் தேட வேண்டும் என்றால், அந்தக் கருவியில் ஒரு பக்கம்கூட எழுத மனம் வராது. ஆங்கில எழுத்துகளால் ஒலியைத் தட்டும் ஒலிபெயர்ப்பு முறைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கருவியின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று நிறுவனம் போட்டிருக்கும். அதன் நேர்மேல் படத்தை அதே அகலத்தில் காகிதத்தில் அச்செடுத்து அட்டையில் ஒட்டுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, நீங்கள் வழக்கமாக எழுதும் நாலு வரியைக் கட்டைவிரலால் தட்டிப் பாருங்கள். எந்த விசைக்கு விரல் எட்டவில்லை, எந்தக் குறி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மென்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

ஜிபிடி பாக்கெட் 2017-ல் வந்தபோது 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு, ஏழு அங்குலத் திரை. அப்போதைக்கு மிக நல்ல கருவி. அதில் லினக்ஸ் ஏற்றியவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது, எழுத்துகள் எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து வந்ததுதான். நெட்டுவாக்கில் நிற்க வேண்டிய திரையை வாங்கிக் கிடையாகப் பொருத்தியிருந்தார்கள். பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இதற்குத் திருத்தம் சேர்த்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. தீர்ந்ததற்குக் காரணம், உள்ளே இருந்தது இன்டெல் சிப். எல்லாக் கணினிக்கும் பொதுவாக வெளியாகும் கெர்னல் அதில் ஓடும்.

ஜெமினிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பழைய சையான் சீரிஸ் 5 கையடக்கக் கணினியை வடிவமைத்த மார்ட்டின் ரிடிஃபோர்டின் கைவண்ணம் அது, கீல் அவ்வளவு அழகு. ஆனால் உள்ளே மீடியாடெக் செல்போன் சிப். அதற்கு வந்த டெபியன் லினக்ஸ், செல்போனுக்கென்று கொடுத்த பழைய 3.18 கெர்னல் மேலேதான் ஓடியது. ஆண்ட்ராய்டும் 8-ஐத் தாண்டவில்லை. பண்டோராவிலும் பைராவிலும் படம் காட்டும் பவர்விஆர் பகுதியை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு மூலநிரல் தரவில்லை, அதுவும் கெர்னலை முன்னேற விடாமல் இழுத்துப் பிடிக்கும். ‘லினக்ஸ் ஓடும்’ என்ற இரண்டு வார்த்தையோடு திருப்திப்படாமல், நிறுவனம் தரும் கெர்னல் இல்லாமல் பொதுவான கெர்னல் ஓடுமா என்று கேளுங்கள். ஐந்து வருடம் கழித்தும் பயன்படுமா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ரேமும் சேமிப்பும் பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது.

வாங்கலாமா வேண்டாமா?

சொந்தக் கணினி எதுவும் இல்லாமல், முதல் கணினியாகவே இதை வாங்க நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். அதே பணத்துக்கு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் அலுவலகங்களிலிருந்து கழித்த திங்க்பேடு, லாட்டிட்யூடு போன்ற லாப்டாப்களைத் தேடலாம். பாகம் கிடைக்கும், பழுது பார்க்க ஆள் கிடைப்பார். படிப்பும் வேலை தேடலும் அதில் நடக்கும். ஐந்து அங்குலத் திரையில் விண்ணப்பப் படிவம் நிரப்புவது தண்டனை.

கணினி இருக்கிறது, இது இரண்டாவது என்றால், முதலில் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனையே அந்தக் கருவியாக வைத்துப் பாருங்கள். எஃப்-டிராய்டு என்ற இலவச செயலிக் களஞ்சியத்திலிருந்து, போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், சின்ன புளூடூத் கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கியாவது சேருங்கள். பைத்தான், கிட், எஸ்எஸ்ஹெச் போன்ற நிரலாளர் கருவிகள் எல்லாம் ஓடும். ஒரு மாதம் பேருந்திலும் டீக்கடையிலும் அதைத் திறந்து வேலை செய்கிறீர்களா என்று பாருங்கள். செய்கிறீர்கள், ஆனால் கீபோர்டும் போனும் தனித்தனியாக ஆடுவதுதான் எரிச்சல் என்றால், உங்களுக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது. மூன்றாம் நாளே கீபோர்டு அலமாரிக்குப் போய்விட்டால் புதுக் கருவியும் அங்கேதான் போகும்.

சிலருக்குச் சந்தேகமே இல்லாமல் பொருந்தும். ஒரு கையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு சுவிட்சில் கன்சோல் கேபிள் செருகும் நெட்வொர்க் டெக்னீஷியன், மைதானத்தில் ரேடியோவோடு உட்காரும் ஹாம் ஆர்வலர், இரவில் சர்வர் விழுந்தால் எங்கிருந்தாலும் எழுப்ப வேண்டியவர். இவர்கள் விலையைப் பற்றி யோசிக்கலாம், தேவையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

பழையதாக வாங்கினால் புது விலையில் பாதிக்குக்கூட அமையலாம். நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். மூடியைப் பல முறை திறந்து மூடிப் பாருங்கள், திரை மினுக்கினால் உள்ளே கேபிள் தேய்ந்திருக்கிறது. கீல் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சமதளத்தில் வைத்தால் கருவி ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

புதிதாக வரவழைத்தால் பார்சல் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். அன்றைக்கே ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள், முழு சார்ஜ் ஏற்றி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், வைஃபை பக்கத்து அறையில் எடுக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் அந்த வாரமே படத்தோடு எழுதிவிடுங்கள். இயங்குதளக் கோப்பையும், கிடைத்தால் சர்க்யூட் வரைபடத்தையும் இறக்கி ஒரு மெமரி கார்டில் போட்டுப் பெட்டியோடு சேர்த்து வையுங்கள்.