கூலிஃபையில் பழைய என்வ் வேரியபிளை நீக்குவது எப்படி

சொந்த சர்வரில் ஆப்களை ஏற்றி ஓட்ட உதவும் கூலிஃபையோ டோக்குவோ போட்டு நாலைந்து ஆப் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீ, முகவரி மாதிரி ஆப்புக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகளைப் பெயரோடு வைக்கும் என்வ் பக்கம் கொஞ்ச நாளில் நிரம்பிவிடும். விட்டுவிட்ட எஸ்எம்எஸ் கம்பெனியின் ஏபிஐ கீ (அவர்கள் சேவையைத் திறக்கும் ரகசியச் சாவி), சோதனைக்குப் போட்ட முகவரி, யார் போட்டது என்றே தெரியாத சில பெயர்கள். சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் டெலிட் அழுத்தும் நேரத்தில் எதுவும் உடையாது. அதுதான் இதில் உள்ள ஆபத்து.

ஆப் ஓடும் தனிப்பெட்டியான கன்டெய்னருக்கு, அது உருவாகும்போது கொடுத்த என்வ்தான் கடைசி வரை. பக்கத்தில் நீங்கள் ஒரு வரியை நீக்கினாலும் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குத் தெரியாது. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் வெறும் ரீஸ்டார்ட் கொடுத்தாலும் பழைய மதிப்போடுதான் எழுந்து வரும். அப்புறம் ஒருநாள் வேறு யாரோ ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி டெப்லாய் செய்வார்கள், அதாவது சர்வரில் புதிதாக ஏற்றுவார்கள். புது கன்டெய்னர் உருவாகும், அப்போது உடையும். எல்லாரும் அந்தத் திருத்தத்தைப் போட்டுக் குடைவார்கள். டோக்குவில் கன்ஃபிக் அன்செட் கொடுத்தால் அதுவே ஆப்பை மறுபடி எழுப்பிவிடும். ஆனால் நோ-ரீஸ்டார்ட் சேர்த்துக் கொடுத்தால் இதே கதைதான்.

அதனால் நீக்குவதும் ரீடெப்லாய் செய்வதும் ஒரே உட்காரலில் நடக்க வேண்டும். அதுவும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்.

நான் பார்த்துக்கொள்ளும் ஆப்களில் ஒன்று, மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கானது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மல்லி கொண்டுவரும் விவசாயிக்கு எடையும் அன்றைய விலையும் எஸ்எம்எஸ்ஸில் போகும். விடியற்காலையில் அது நின்றால், தன் பூவுக்கு என்ன எடை போட்டார்கள் என்று தெரியாமல் அவர் பஸ் ஏற வேண்டியிருக்கும். அதனால் அந்த ஆப்பில் எதைத் தொட்டாலும் சந்தை ஓய்ந்தபின், மதியம் 3 மணிவாக்கில்தான். முகூர்த்த நாளிலும் சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களிலும் தொடுவதே இல்லை.

அந்த ஆப்பிலிருந்து பழைய எஸ்எம்எஸ் கீயை எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். முதலில் மதிப்பைப் பத்திரப்படுத்த வேண்டும். கூலிஃபையில் லாக் செய்த (பூட்டிய) வேரியபிளின் மதிப்பைத் திரையில் திரும்பப் பார்க்க முடியாது. ஓடுகிற கன்டெய்னரின் டெர்மினலுக்குள் போய் பிரின்ட்என்வ் கொடுத்தால் கிடைக்கும். அதைப் பாஸ்வேர்ட் மேனேஜரில் போடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முந்தைய இமேஜுக்கு, அதாவது ஆப்பின் பழைய பில்ட்டுக்கு, ரோல்பேக் செய்தாலும் நீக்கிய வேரியபிள் கூடவே வராது, அதனால் இந்தப் பிரதி ஒன்றுதான் கைக்காவல்.

அடுத்து, யார் அதைப் படிக்கிறார்கள் என்று தேட வேண்டும். அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். கோடில் முழுப்பெயரை மட்டும் தேடினால் போதாது. கம்பெனிப் பெயரையும் 'கீ' என்ற சொல்லையும் ஒட்டி, ஓடும்போதே பெயரைச் செய்துகொள்ளும் கோடு இருக்கும். பாதிப் பெயரைப் போட்டும் தேடுங்கள். வெப் கன்டெய்னரோடு நிற்காமல் பின்னணி வேலை செய்யும் வொர்க்கர், குறித்த நேரத்தில் ஓடும் கிரான், இரவில் ஓடும் பேக்அப் ஸ்கிரிப்ட், கன்டெய்னர்களை விவரிக்கும் கம்போஸ் கோப்பு எல்லாவற்றையும் பாருங்கள். கம்போஸில் பெயர் மட்டும் மிச்சமிருந்து மாற்று மதிப்பு இல்லையென்றால், டாக்கர் ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு வெற்று மதிப்பை வைத்து ஓட்டிவிடும். கூலிஃபையில் டீம், பிராஜெக்ட் அளவில் ஷேர்டு வேரியபிள் வைத்திருந்தால், அதை எடுப்பது மற்ற ஆப்களையும் பாதிக்கும்.

சந்தேகம் இருந்தால் உடனே நீக்காமல் பெயருக்கு முன்னால் 'பழைய' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்து ரீடெப்லாய் செய்யுங்கள். ஆப்புக்கு அது நீங்கிய மாதிரிதான். ஏதாவது முறிந்தால் பெயரைத் திருத்தி மறுபடி ரீடெப்லாய் செய்தால் சரி. ஒரு மாதச் சுற்று, அதாவது மாதக் கடைசிக் கணக்கு ரிப்போர்ட் வரை, அப்படியே விடுவேன்.

ரீடெப்லாய் ஆனதும் பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஹெல்த் செக் ஒரு பக்கம் திறக்கிறதா என்றுதான் பார்க்கும். பைத்தானில் என்விரானை நேரடியாகச் சாவி போட்டுப் படித்தால் கீஎரர் வந்து சத்தமாக விழும், அது நல்லது. கெட்என்வ் என்றால் பேசாமல் 'நன்' (மதிப்பு எதுவும் இல்லை) என்று திரும்பும். நோடில் அன்டிஃபைன்ட் என்ற சொல்லே முகவரிக்குள் ஒட்டிக்கொண்டு போய்விடும். அதனால் என் நம்பருக்கு ஒரு எடைச் சீட்டு போட்டு, எஸ்எம்எஸ் கைக்கு வருகிறதா என்று பார்த்தேன். வொர்க்கரின் லாகையும் (ஓட்டப் பதிவையும்) கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தேன்.

சிலதை இந்த வழியில் தொடவே கூடாது. லாராவெல்லின் ஆப் கீயை எடுத்தால், அதை வைத்து என்கிரிப்ட் செய்த தரவைத் திரும்பப் படிக்க முடியாது. போஸ்ட்கிரெஸ் இமேஜின் பாஸ்வேர்ட் வேரியபிள் வேறு மாதிரி: டேட்டாபேஸ் முதன்முதலாக உருவாகும்போது மட்டும்தான் அதைப் பார்க்கும். பிறகு அதை மாற்றினாலும் நீக்கினாலும் உண்மையான பாஸ்வேர்ட் மாறாது. நெக்ஸ்ட், வீட் மாதிரியானவற்றில் பிரவுசருக்குப் போகும் வேரியபிள்கள் பில்ட் நேரத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் எழுதப்பட்டுவிடும். மறுபடி பில்ட் செய்யாதவரை பழைய மதிப்பு வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும்.

கடைசியாக, நம் பக்கம் நீக்கியதால் அந்தக் கீ செத்துவிடாது. எஸ்எம்எஸ் கம்பெனியின் பேனலுக்குள் போய் ரிவோக் செய்ய வேண்டும், அதாவது செல்லாததாக்க வேண்டும். சாதாரணச் சுத்தம் என்றால், ஆப் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்தபின் ரிவோக் செய்யுங்கள். கீ கசிந்துவிட்டது என்றால் வரிசையைத் திருப்புங்கள்: முதலில் ரிவோக், எஸ்எம்எஸ் கொஞ்ச நேரம் நின்றாலும் பரவாயில்லை, கடைக்காரரிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ரிவோக் ஆனபின் பாஸ்வேர்ட் மேனேஜரில் வைத்த பிரதியையும் அழித்துவிடலாம்.