வேறு காரின் பிரேக் டிஸ்க் பொருந்துமா? வாங்கும் முன் பாருங்கள்

வேறு காரின் பெரிய டிஸ்க்கைப் போட நினைத்தால், கையில் காசை எடுக்கும் முன் தயாரிப்பாளரின் கேட்லாக்கைத் திறந்து, உங்கள் பழைய டிஸ்க்கின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: போல்ட் எண்ணிக்கை, பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை, தடிமன், மொத்த உயரம். விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம், ஆனால் சிக்கல் வருவது பெரும்பாலும் உயரத்தில்தான். சக்கரம் மாட்டும் ஹப்பில் டிஸ்க் உட்காரும் பரப்பிலிருந்து பேட் உரசும் பரப்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அது மாறினால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் நடுவில் டிஸ்க் நிற்காது. ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வாஷர் வைத்துச் சரிக்கட்டும் வேலை மட்டும் வேண்டாம், டிஸ்க் நேராகச் சுழலாமல் பெடல் அதிரும்.

நடு ஓட்டை கொஞ்சம் சிறிதாக இருந்தால் லேத்தில் பெரிதாக்கலாம். பெரிதாக இருந்தால் சரியான அளவில் ஒரு வளையம் போதும், சும்மா விட்டால் டிஸ்க் மையம் தப்பி உட்காரும்.

பேரிங்கும் ஏபிஎஸ் வளையமும் டிஸ்க்கோடு சேர்ந்தே வரும் சில பின்சக்கர டிஸ்க்குகளுக்கும், உள்ளே ஹேண்ட் பிரேக் டிரம் இருப்பவற்றுக்கும் இந்த ஒப்பீடு மட்டும் போதாது. அப்புறம், டிஸ்க் பெரிதாவதால் காலிப்பருக்குப் புது பிராக்கெட் வேண்டும், வீலின் உள்பக்க இடத்தையும் அளந்துகொள்ளுங்கள்.