சொன்னவரை வாயடைக்க வைக்கும் தவறுகள்

கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், முந்திரித் தோல் உரிக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. பருப்பு போர்மா என்கிற உலர்த்தும் சூட்டடுப்பில் சரியாகக் காயாமல் வந்தால் தோல் லேசில் போகாது. அழுத்தி உரித்தால் பருப்பு உடையும். இது முதலில் தெரிவது உரிக்கிற விரலுக்குத்தான்.

"சார், இன்னைக்குப் பருப்பு காயவே இல்ல" என்று ஓர் அக்கா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "வேலையப் பாருங்க" என்று பதில் வந்தால், அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். உடைசல் கூடும், கூலி குறையும், வேலையும் கசந்துபோகும். தகவல் சொல்பவரைக் குறை சொல்பவராகப் பார்ப்பதுதான் சூப்பர்வைசர்கள் செய்யும் பெரிய தவறு.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று நினைப்பது இன்னொன்று. மனக்குறை உள்ளவர் ஒன்று பேசுவார், இல்லை வெளியேறுவார் என்று பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-லேயே விளக்கினார். நம் குமரி மாவட்டத்தில் வெளியேற வழியா இல்லை? களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். அதையும் தாண்டினால் வளைகுடா.

அப்புறம், 'நம்ம ஆளு' பழக்கம். மேலாளருக்கு நெருக்கமானவர்களுக்கே நல்ல வேலையும் முன்கூட்டியே தகவலும் கிடைக்கின்றன, அவர்களே வேலையில் அதிக நிறைவோடும் இருக்கிறார்கள் என்று நிர்வாகவியல் ஆய்வுகள் பல காலமாகச் சொல்கின்றன. நெருக்கம் வருவது இயல்புதான். ஆனால் அது ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே சபை என்று அமைந்தால் மற்றவர்கள் பேசுவதையே விட்டுவிடுவார்கள்.

கருத்துக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுவது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். முடியாது என்றால் காரணத்தோடு முடியாது என்றே சொல்லலாம், ஏற்றுக்கொள்வார்கள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தம் வந்தது. அதற்கு முன்பே, துணிக்கடைப் பெண்களின் போராட்டத்தால், 2018-ல் கேரளம் அதைச் செய்திருந்தது. நாகர்கோவிலில் துணிக்கடை வைத்திருப்பவர் ஸ்டூல் வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. உட்கார்ந்தவரை மேலாளர் முறைத்தால் அந்த ஸ்டூலில் துணிக்கட்டுதான் இருக்கும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளில் குறைதீர்க் குழு வேண்டும், அதில் தொழிலாளர் பக்கமும் நிர்வாகப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தத் தொழிலாளர் பெயர்களை முதலாளியே எழுதிக்கொடுப்பது பெரும் தவறு. உரிக்கிற பெண்கள் தாங்களே பேசி ஒருவரை அனுப்பட்டும்.